ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது

இருட்டறையில் முதல் ஐந்து நிமிஷம்
எதையும் பார்க்கக் கூடாது.
கண் பழகவேண்டும்.
வெளியே லண்டன்பேட்டையில்
சேலம் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடிக்கிறது.
ஸ்டூலில் உட்கார்ந்து
முனிரத்தினாவின் சீட்டை
மனசுக்குள் மறுபடி படிக்கிறேன்.

வயது முப்பத்துநான்கு. ஊர் தளி.
ரோஜாப் பண்ணையில் குளிர் அறை வேலை.
பிப்ரவரி நெருங்கினால்
நாளுக்கு நூற்றிருபது கட்டு,
கட்டுக்கு இருபது பூ,
இலை கிள்ளி, நீளம் பார்த்து, அட்டை சுற்றி.
நாலு டிகிரி.

"வெரலு வெள்ளையாயிடுதுங்க மேடம்,
சுண்ணாம்புல வுட்டு எடுத்தாப்ல.
நடிக்கிறேன்னாரு சூப்பர்வைசரு."
தேன்கனிக்கோட்டையில் சத்து ஊசி.
ஓசூரில் நரம்புத் தளர்ச்சி.
யாரோ கட்டிவிட்ட கறுப்புக் கயிறு.
மோதிரத்தைத் தட்டான் வெட்டித்தான் எடுத்தான்.
இப்போது களி உருண்டைக்கு
வாய் திறப்பதில்லை;
பிள்ளைக்கு உருட்டுவதுபோல
தனக்கே சின்னதாய் உருட்டிக்கொள்கிறாள்.

அவள் சொல்லை
யாரும் எடுத்துக்கொள்ளாத மூன்று வருஷமும்
அவள் ரத்தம் அதையே
விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
கேட்கத்தான் ஆளில்லை.

காலையில் அவள் சீரத்தில்
உப்புக்கரைசல் கலந்தேன்.
ஒன்றுக்கு எண்பது.
அதில் பாதி, அதிலும் பாதி.
பால்காரன்கூட இவ்வளவு தண்ணீருக்குத் துணியமாட்டான்.
கண்ணாடித் தகட்டில் காத்திருந்தவை
யாரோ எப்போதோ விட்டுப்போன செல்கள்.
அவளுக்கு உறவில்லை, ஊர் இல்லை.
மேலே அவள் சீரம், அரை மணி.
கழுவல்.
பச்சைச் சாயம் ஏறிய இன்னொரு துளி, அரை மணி.
கழுவல்.
ஒட்டாதது போய்விடும்,
ஒட்டியது ஒளிரும்.

குனிகிறேன்.

புள்ளிகள்.
ஒவ்வொரு உட்கருவிலும்
கேழ்வரகு சிந்தினாற்போல் பச்சைப் புள்ளிகள்.
எண்ணினால் நாற்பத்தாறு வரை வரும்,
நான் முப்பதோடு விட்டேன்.
பிரியப்போகும் செல்லில் மட்டும்
ரேஷன் கடை வரிசைபோல
ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.
சென்ட்ரோமியர்.
இரண்டு இழைகளும் பிரியுமுன்
ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம்.
தனக்குள்ளிருக்கும் முடிச்சைத்தான்
திருடன் என்று காட்டிக்கொடுக்கிறது உடம்பு,
யாரோ ஒருவரின் வீட்டில் வைத்து.

கடைசிக் குழி வரை பச்சை.
பார்க்கப் பார்க்க மங்கும் வெளிச்சம் இது.
சீக்கிரம் எழுதிக்கொள்ளவேண்டும்.

போன ஆடியில் ஒருநாள்
கண்ட்ரோல் சீரம் தீர்ந்துபோய்
என் ரத்தத்தையே வைத்தேன்.
எண்பதில் எனக்கும் பனிபோல் ஒரு பச்சை.
"உனக்கு வலி இருக்கா?" என்றார் டாக்டர்.
இல்லை.
"அப்ப அது பேச்சு. வழக்கு இல்ல."
அன்றிரவு தூங்குமுன்
விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்தேன்.
இன்றைக்கும் சிலநாள் பார்க்கிறேன்.

முனிரத்தினாவுக்கு வலி இருக்கிறது.
வழக்கும் இருக்கிறது.

ரிப்போர்ட்டை வாங்க அவளே வந்தாள்.
காத்திருப்பு அறையில் ஏசி, பதினெட்டில்.
நோயின் பெயரை டாக்டர் சொல்வார் என்றேன்.
"பேரு இருக்குதுங்களா?" என்றாள்.
இருக்கிறது என்றேன்.
முகத்தில் வந்தது பயமா, சந்தோஷமா,
எனக்குத் தெரியவில்லை.
கவரைப் பிடித்திருந்த விரல் நுனிகள்
என் கண்ணெதிரே வெளுக்கத் தொடங்கின.

ஏசியை அணைத்தேன்.
வெள்ளை. நீலம்.
அப்புறம் மெதுவாகச் சிவப்பு.
ஏழு நிமிஷம் ஆனது.
அதுவரை கவுன்ட்டரில் யாரையும் கூப்பிடவில்லை.