அட்டையால் மறைத்த வரி

சனிக்கிழமை நாலரை. தலவாக்கலை.
ஆணிக்கடை மாடியில் எட்டுக் கதிரை, ஒரு பழைய டீவி.
பிஸ்கட் பெட்டியைக் கிழித்துத்
திரையின் அடியில் ஒட்டுகிறேன்,
கீழே ஓடும் தமிழ் தெரியக்கூடாது.

"அதையும் மறைச்சா எதைப் பார்க்கிறது டீச்சர்?"
ஆட்டோ அந்தோனிமுத்து
என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர்.
"வாயைப் பாருங்க."

கறுப்பு வெள்ளைப் படம். பெரிய வீடு.
கையுறை போட்ட ஒருத்தி ஊரிலிருந்து திரும்புகிறாள்;
வீட்டை விற்றுவிட்டார்கள்.
குடை தரையில் சொட்டச் சொட்ட
அவள் கேட்பது நாலே சொல்:
வை வோஸின்ட் ஐ டோல்ட்.

பதுளை ரயில் வந்து அதை அள்ளிக்கொண்டு போனது.
பின்னால் இழுத்துப் போட்டேன். ஏழு தடவை.
எனக்கு ஏன் சொல்லல, அதானே?
என்றார் யாரோ, அட்டையைப் பார்க்காமலே.

போன வாரம் நாவல்; ஒரே பக்கம், ஜெரொக்ஸ்.
அதில் ஒரு சொல், மூர்.
காற்று, புல், மரமில்லாத மேடு என்று நான் இழுத்துக்கொண்டிருக்க
"பத்தனா," என்றாள் மங்களேஸ்வரி,
தலை நிமிராமல்.

இவர்களுக்கு இங்கிலீஷ் வராது என்றது யார்?
பெரட்டு, செக்ரோல், இஸ்டோரு, டிவிசன்,
நாக்கில் தேய்ந்து உருண்டையாகிவிட்ட சொற்கள்.
பெயர்ச்சொல் அத்தனையும் தந்தார்கள்.
கேள்விக்குறியை மட்டும்
பங்களாவில் வைத்துக்கொண்டார்கள்.

எட்டுப் பேரும் எழுந்து நடித்தோம்.
குடை கிடைக்காதவருக்குத் தும்புத்தடி.
ஓட்டல் வேலைக்குப் போகிற யோகராசா
மன்னிப்புக் கேட்பதுபோல் கேட்டான்.
அந்தோனிமுத்து பொலிஸைக் கேட்பதுபோல் தொடங்கி
பொலிஸைக் கண்டதுபோல் முடித்தார்.
மங்களேஸ்வரி குடையைப் பிடித்தபடி நின்றாள்,
வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபோன்.
தராசடியில் பதினெட்டுக் கிலோவில் மூன்றை வெட்டினார்களாம்.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
மற்றது எதற்கென்று கடவுளுக்கே தெரியாது.
கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்துவிட்டு
கேட்டாளாம் அந்த நாலு சொல்லை.
"வோஸின்ட்-ல கொஞ்சம் இடறிட்டேன். பரவாயில்லையா?"

ஐயா என்ன சொன்னார்?

"தமிழ்லதான் பதில் சொன்னாரு டீச்சர்.
மொத தடவையா
'ங்க' போட்டு."

மூணு கிலோ?

"அது இன்னும் வரல," என்றாள்.
மழை இரைச்சல். பிறகு:
"அந்தப் பொம்பளைக்கு
வீடு திரும்பக் கெடைச்சுச்சா?"

படத்தின் மீதியை
நான் இன்னும் போட்டுக் காட்டவில்லை.