மூக்குத்தி எந்தப் பக்கம்

கடலூர் ஓ.டி. கடைத்தெருவில் என் ஸ்டுடியோ.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்க,
காது ரெண்டும் தெரியணும்,
சிரிச்சா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க.
ஒரு நாளைக்கு முப்பது முகத்துக்கு இதைச் சொல்கிறேன்.
ஞாயிறு விடியலில் மட்டும்
சொன்ன பேச்சு கேட்காத முகங்களிடம் போகிறேன்.

சோதிக்குப்பத்துக்குப் பின்னால்
உப்பனாறு வற்றி, சேறு முதுகு காட்டும் இடம்.
சுடிதார் மேல் அண்ணனின் பழைய சட்டை.
கைப்பிடி போன தோசைக்கல்லில் லென்ஸை உட்காரவைத்து
முழங்கையால் ஊர்கிறேன்.
பத்தடி போக முக்கால் மணி நேரம்.
நண்டு ஒன்று என் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு
வளைக்குள் போனது.

முதல் வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது.
கரையில் நின்றபடியே எடுத்துத் தள்ளினேன்.
கம்ப்யூட்டரில் பெரிசாக்கினால்
பறவை இருந்த இடத்தில் ரவை கொட்டிக் கிடந்தது.
பெரிசாக்குவது வேறு,
கிட்டப் போவது வேறு.
முழங்கைத் தோல் உரிந்த பிறகுதான் புரிந்தது.

இன்றைக்கு ஒரு பட்டாணி உப்புக்கொத்தி.
உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்,
வைக்கத்தான் விடாது.
மூன்று எட்டு ஓடும், நிற்கும், குத்தும்,
மறுபடி ஓடி மறுபடி நிற்கும்,
அடுப்பை அணைத்தோமா என்று நினைவு வந்த மாதிரி.
அது கழுத்தை நீட்டினால் நான் கல்.
இறக்கினால் இன்னும் ஒரு சாண்.
தூரத்தை அளப்பது அதன் வேலை,
என் வேலை தோசைக்கல்லைத் தள்ளுவது.

ஒருவழியாக
முகம் மட்டும் வந்து நிறைந்தது.
கண்ணைச் சுற்றி, மஞ்சள் கிழங்கை உரசி
விரல் நுனியால் இழுத்த வட்டம்.
அலகில் ஒரு சொட்டுச் சேறு.
நெற்றியில் ஒரே ஒரு இறகு படியாமல் நின்றது.
கடைக்கு வந்த முகமாயிருந்தால்
தண்ணீர் தொட்டுப் படியவைத்திருப்பேன்.

அப்போதுதான் அஞ்சாப்புலி வந்தார்,
தோளில் வீச்சுவலை, கணுக்கால் புதைய, நேரே குறுக்கே.
போச்சு என்று கண்ணை மூடினேன்.

பறக்கவில்லை.
அவர் கால் கிளறிய சேற்றில்
ஒரு முழம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
பார்க்காத ஆளிடம் அதற்கு என்ன பயம்.

என்னைத்தான் பார்த்தார்.
“படம் என்னாச்சும்மா?”

யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ.
கடைசி வரிசையில்
ஒருத்தியின் கொண்டைப் பூவுக்குப் பின்னால்
கடுகளவு தேசம்மா.
வேறு படமே இல்லையாம்.
வருஷத் திதிக்குள் பிரேம் போட வேண்டும்.

“பெரிசாக்கினா உடையுதுங்க.
கொஞ்சம் வரைஞ்சுதான் கொண்டுவரணும்,”
சேற்றில் படுத்தபடியே கேட்டேன்,
“மூக்குத்தி எந்தப் பக்கம்?”

கை தன் மூக்குக்குப் போனது.
வலது. பிறகு இடது.
பிறகு அங்கேயே நின்றது.
நாற்பத்தொரு வருஷம்.
வலையை இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றினார்.
“மவளக் கேட்டுச் சொல்றேன்.”

அவர் போன தடத்தில்
ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே
உப்புக்கொத்தியும் போனது.
பட்டனை எப்போது அழுத்தினேன் என்று நினைவில்லை,
கார்டில் பதினேழு படம் இருந்தது.

ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு திரையில் மஞ்சள் வட்டம், இழை இழையாக,
படியாத அந்த இறகு எந்தப் பக்கம் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அடுத்த திரையில் ரவை.

போன் அடித்தது.
“வலப்பக்கம்மா. மவ சொல்லிட்டா.”
வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும்.
“இரு, இரு...
அது அவளுக்கு வலதா,
நான் எதிர்ல நின்னு பாத்தா வலதா?”