திரைக்கு முதுகு

ஐந்து சீசன்களாக ஞாயிற்றுக்கிழமைகளில்
திரை என் தலைக்கு மேலே ஓடுகிறது.
நான் அதற்கு முதுகு காட்டி
பியர் ஊற்றுகிறேன்.
'உலைநாடு' பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
இவர்கள் முகங்களில் படித்தது.

வாளை உருவினால் யுஹானி கோஸ்கெலா
தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.
டிராகன் வந்தால் பல் மருத்துவர் மார்கிட்
நாற்காலியோடு ஓரங்குலம் பின்னால் போவாள்.
முத்தக் காட்சி என்றால் மொத்தக் கடையும்
திடீரென்று வேர்க்கடலையைத் தேடும்.

இன்று சீசனின் கடைசிப் பகுதி.
டுலூத்தில் மைனஸ் இருபத்தாறு.
அட்டையில் செய்த கிரீடங்கள்,
ஒருத்திக்கு நுரைப்பஞ்சில் மான்கொம்பு;
அது கதவில் இடித்ததால்
பக்கவாட்டில் நுழைந்தாள், நண்டுபோல.
ஆறு தட்டு வறுத்த சீஸ் போனது.
பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம்.
துடுப்பு.
ஒரு பெண் ஏதோ பெயரைச் சொன்னாள், மெதுவாக,
சொந்த வீட்டில் விளக்கணைக்கச் சொல்வதுபோல.
மார்கிட் நகரவில்லை.
யுஹானியின் கை மூக்குவரை போய்
பாதியில் நின்றது.
மான்கொம்புக்காரி கொம்பைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டாள்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை.
பிப்ரவரி மாதம், இந்த ஊரில்
ஈக்கு எங்கே போவது.

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் வெடித்தார்கள்.
ஒன்பது வாரம் அவளைக் கரை சேர்த்துவிட்டு
பத்தாவதில் படகைக் கவிழ்ப்பதா என்றான் யுஹானி.
எழுதியவனின் கையை ஒடிக்க வேண்டும்,
பல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மார்கிட்.
முதல் சீசனிலேயே அந்தக் கத்தியைக் காட்டினார்களே,
அப்போது நீங்கள் சீஸ் தின்றுகொண்டிருந்தீர்கள்
என்றான் எப்போதும் மூலையில் உட்காரும்
கணக்கு வாத்தியார் சோர்லி.
அவன்மேல் ஒரு கிரீடம் பறந்தது.
யாரோ சிரித்தார்கள்.
சிரித்தவள் அப்படியே அழத் தொடங்கி
கழிப்பறைக்கு ஓடினாள்.
அவள் பியரை நான் மூடி வைத்தேன்.

அப்போதுதான் கதவு திறந்தது:
டெல்மர் பெலாஞ்சர்,
பூட்ஸில் உப்பு, புருவத்தில் பனி.
மாலை நான்கிலிருந்து பனிவாரி வண்டி ஓட்டுகிறான்.
இவர்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்து சேர்ந்த தெரு
அவன் வழித்துவிட்ட தெரு.

"ஒரு சொல் பேசக் கூடாது" என்றான்,
இரண்டு காதையும் கையுறையால் பொத்திக்கொண்டு.
கடை அடங்கிப்போனது.
சோர்லிகூட வாயை மூடினான்.
காதைப் பொத்தியபடியே மேசைகளைத் தாண்டி வந்து
எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"இங்கே ஒன்றும் தெரியாத ஆள் நீ ஒருத்திதான்.
வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்வரை
உன் பக்கத்தில் இருந்துகொள்கிறேன்."

காபி ஊற்றினேன்.
எனக்கு ஒன்றும் தெரியாதுதான்.
படகில் இருவர் இருந்தார்கள் என்றோ,
இருவரையுமே இவர்களுக்குப் பிடிக்கும் என்றோ,
கத்தி அந்நியன் கையில் இல்லை என்றோ,
அவள் கடைசியில் சொன்னது
குத்தியவனின் பெயரைத்தான் என்றோ
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"சர்க்கரை?" என்றேன்.

டெல்மர் நிமிர்ந்தான்.
கையுறைகள் காதிலிருந்து மெல்ல இறங்கின.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
நான் திரும்பி
கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கும்வரை.

"ஓ" என்றான்.
"தம்பியா?"