கை ரெண்டும் கொண்டுவந்த வகைக்கு

குடும்பக் கூடுகைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறான் ஜெபசிங்.
பன்னிரண்டடி உயரத்தில் வம்ச மரம். உச்சியில்,
'முதல் அச்சுகுத்துகாரர் மாசிலாமணி உபாத்தியார்.'
"முதல்தானா?"
"நம்ம பக்கத்துக்கு முதல்.
நீ இரணியல்வரை ஒண்ணு போயிட்டு வா,
பிறந்த வருசம் மட்டும் கிடைச்சாப் போதும்."

பிறந்த வருசம் கிடைக்கவில்லை.
முழுக்குக்கு முன்னால் அவர் சுடலை. பின்னால் மாசிலாமணி.
சர்க்கார் சம்பளப் பட்டியலில் வெறும் குத்துகாரன்,
மாதம் நூற்று நாற்பது சக்கரம்.
சபைப் பதிவேட்டில் நாலு ஆண்மக்கள்,
ஏசுவடியான் தொடங்கி வரிசையாக, கறுத்த மையில்,
ஃப்ளெக்ஸில் இருக்கிறபடியே.
"பெண்பிள்ளையளுக்கு வேற நோட்டாக்கும்" என்றார் கோயில்குட்டி.
அது எங்கே என்றேன்.
எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைத்தார்.

தக்கலையில் ஓர் ஆதாரம் எழுத்துக்காரர் வீட்டு
இரும்புப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு அடியில்
கச்சேரிக் கணக்கின் நகல்:
கொல்லம் 1041, மீனம் எட்டு.
'மாசிலாமணி மகள் ஒண்ணு. வயது ஏழு.
கை ரெண்டும் கொண்டுவந்த வகைக்கு
அரி நாழி நாலு, சக்கரம் மூணு.'

மூன்று தரம் வாசித்தேன்.
கையைக் கொண்டுவராமல் ஒரு பிள்ளை எப்படி வரும்?

அப்போது மருந்து குப்பியில் வரவில்லை.
பத்மநாபபுரத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கொப்புளத்திலிருந்து
இவள் தோளுக்குக் கீழே, இரண்டு பக்கமும்.
எட்டாம் நாள் அது முத்தாய்த் திரளும்.
நீர் வற்றுமுன் அடுத்த கை வேண்டும்,
இல்லையென்றால் வித்து அற்றுப்போகும்.

எட்டாம் நாள், திங்கள்சந்தை.
கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில்
குப்பாயக் கையைச் சுருட்டி மகளை நிறுத்தியிருக்கிறார்.
(சுருட்டியதை நான் சேர்த்தேன். சந்தை கணக்கில் உண்டு.)
அம்மன் கோபிப்பாள் என்று ஆள் விலகியிருக்கும்.
உச்சி சாய்ந்தபிறகே பட்டியல் தொடங்குகிறது:
உப்புக்காரி எசக்கி மகன், இடது கை.
குறிச்சி வலைக்காரர் பிள்ளை, இடது.
திருவிதாங்கோட்டு மீராம்மா பேத்தி.
நாலாவது,
'பேர் எழுத வேண்டாம் என்று உத்தரவு.
ராத்திரி. பின்வாசல். மேற்படி கையிலிருந்து.'

பகலில் அந்த வீட்டு ஆள் எதிரே வந்தால்
மேற்படி கை வரப்பை விட்டுச்
சேற்றில் இறங்கி நிற்கவேண்டும்.
ராத்திரி எத்தனை அடி தள்ளி நிறுத்தினார்களோ.
ஊசிக்கு அத்தனை நீளம் கிடையாது.

அதற்கடுத்த எட்டாம் நாள் பதினொரு கை.
பிறகு நாற்பது.
பிறகு எழுத்து பொடிந்து, பக்கம் முடிகிறது.
இவள் திரும்ப வரவில்லை.
சித்திமார் இருவரிடம் கேட்டேன்.
அப்படி யாருமே கிடையாது என்றார்கள்.
சாயா ஆறுவதற்குள் ஒருத்தி அவளை
இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தாள்.
மற்றவள் புண் அழுகிக் காய்ச்சலில்
அந்த மேடத்திலேயே அடக்கிவிட்டாள்.
இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள்.

ஜெபசிங்குக்குப் போன் போட்டேன்.
"பேரில்லாம எப்பிடி மக்கா போடது?
ஒரு கட்டம் வேஸ்டு."
கட்டம் வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போதும் என்றேன்.
"குறுக்கே எங்க போவுது?"
எசக்கி மகனுக்கு, வலைக்குடிக்கு, மீராம்மா வீட்டுக்கு,
பேர் எழுதாத அந்தப் பின்வாசலுக்கு.
"அதெல்லாம் நம்ம ஆளா?"
சிக்னல் போயிற்று, அல்லது அவன் வைத்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
மேல்கம்பியில் வரிசையாகக் கைகள்.
கிழடு தட்டிய கைகளில்
சட்டை இறங்கிய இடத்தில்
காசளவு வட்டத் தழும்பு.
என் கையிலும் உண்டு, இடது.

தோட்டியோட்டில் பஸ் நின்றபோது எழுதி அனுப்பினேன்:
பிறந்த வருசம் கிடைக்கல்லே.
ஒரு கை கிடைச்சுது.
இல்லை, ரெண்டு.