ராஜாவுக்கு டிக்கெட் உண்டு

நான்கு பேரும் ஒரே செவ்வாய்க்கிழமை
கடைக்கு லீவு சொன்னோம், ஆளுக்கொரு பொய்யில்.
என்னுடையது சாதாப் பல்வலி.
பிலோமினாள் இல்லாத சித்தி ஒருத்தியைச் சாகடித்தாள்.
பதினொரு மணிக்கு, தஞ்சாவூர் அரண்மனை வாசலில்
அந்தச் சித்தியின் நினைவாக
ஐஸ் போட்ட ரோஸ்மில்க் குடித்தோம்.

'அரச உடைகள்' என்று பேனர்.
ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து
'அர' மடிந்துகொள்ள
'ச உடைகள்' மட்டும் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே வரிசையாக மன்னர்கள்.
உடை பழசு. உடம்பு
எங்கள் ஜவுளிக்கடையில் நிற்கிற அதே பொம்மை:
நீலக் கண், உதிர்ந்த சுண்டுவிரல்,
முகவாயில் டேப் பிய்த்த தழும்பு.
"இந்த ராஜாவை எனக்குத் தெரியும்டி,
போன ஆடித் தள்ளுபடிக்கு நைட்டியில் நின்றார்"
என்றாள் ஜெமிலா.
காவலர் திரும்பிப் பார்த்தார்.
அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சிரிப்பு,
வாளைப் பார்த்தால்கூட.

தையல்நாயகிக்குப் பேர்தான் அப்படி,
பித்தான் தைக்கத் தெரியாது.
ஆனால் கண்ணாலேயே அளவெடுப்பாள்.
கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒற்றி
"ராணி முப்பத்தாறு. கை இறுக்கம்.
பக்கவாட்டில் ரெண்டு தடவை பிரித்து விட்டிருக்கிறார்கள்,
பாரு, பழைய தையல் ஓட்டை" என்றாள்.
பார்த்தோம்.
மூன்று பிள்ளை பெற்ற பிலோமினாள் மட்டும்
தன் ரவிக்கையின் விலாவைத் தொட்டுக்கொண்டாள்.

அடுத்த பெட்டியில் ஒரு சரிகை அங்கி.
ஜரிகை கறுத்து, வெல்வெட் வழுக்கை விழுந்து,
அக்குளில் மட்டும்
உப்புப் பூத்த பிறைவட்டம்.
சித்திரை மாசம், இந்த ஊரில், வெல்வெட்டா?
யார் எடுத்துக் கொடுத்தது அவருக்கு?
சாமரம் வீசினவன் என்ன நினைத்திருப்பான்?
"விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது" என்றேன்,
கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையின் குரலில்.
ஜெமிலா தரையில் உட்கார்ந்தே சிரித்தாள்.

சிம்மாசனத்துக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றோம்.
காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதுவரை
நிற்கிறவர்கள் நாங்கள்.
பட்டுப் பிரிவில் ஒரு ஸ்டூல் உண்டு,
சட்டம் வந்தபின் வாங்கியது.
அதன்மேல் எந்நேரமும்
மடிக்காத புடவைகள் உட்கார்ந்திருக்கும்.
சிம்மாசனத்தில் ஓர் அட்டை உட்கார்ந்திருந்தது:
'உட்காரக் கூடாது.'

கடைசிக் கூடத்தில் எண்பது ரூபாய்க்கு அரச வேடம்,
போட்டோ உடனே கையில்.
நாலு தலைக்கும் ஒரே கிரீடம்,
முந்தின தலையின் தேங்காயெண்ணெய் வாசத்தோடு.
ஆனால் அங்கே நாற்காலி இருந்தது.
பிலோமினாள் மீசை கேட்டு வாங்கி ஒட்டி
கால்மேல் கால் போட்டு
"யாரங்கே!" என்ற நொடியில்
இடுப்பில் போன் அடித்தது. மேனேஜர்.
மீசையோடு அழத் தொடங்கினாள்:
"இப்பத்தான் சார் எடுத்தாங்க..."
போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார்.
படத்தில், ஆறுதல் சொல்ல முடியாத துயரத்தில் ஒரு மகாராஜா.
பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று அமைச்சர்கள்.

திருவையாறு டவுன் பஸ்.
வடவாறு போய் வெண்ணாறு போய்
வெட்டாற்றில் புதுத் தண்ணீர், எருமைகள் கழுத்துவரை.
மீசை பசை பிடித்துக்கொண்டு வர மறுத்தது.
கண்டக்டர் எங்கள் மூவருக்கும்
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு
பிலோமினாளிடம் வந்து நிதானமாக நின்றார்.
"ராஜாவுக்கு டிக்கெட் உண்டு. பத்து ரூபாய்."
இருபதை நீட்டினாள் அவள்.
"மீதியைக் குடிகளுக்குக் கொடும்."

குடமுருட்டிப் பாலத்தில் தூங்கிப்போனாள்,
ஜன்னலோரம், கால் நீட்டி.
காவிரியும் தாண்டி, கடைத்தெரு வந்ததும்
நாங்கள் மூவரும் சீட்டுக்கடியில் குனிந்தோம்.
கடை வாசலில் மேனேஜர் நின்றிருந்தாராம்,
பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாராம்,
கண்டக்டர்தான் பிறகு சொன்னார்.
மீசை வைத்த யாரோ
தலை நிமிர்ந்து தூங்கிக்கொண்டு போனார்.