கணப்பு

பிளைவூட் பலகையைப் பெயர்த்ததும்
சுவர் வாயைத் திறந்தது.
நான் பல்வைத்தியர். குழி கண்டால்
முதலில் குனிவேன், பிறகுதான் பயப்படுவேன்.
கைப்பேசி வெளிச்சத்தில்
வெள்ளைப் பொழிகல் வளைவு.
மேற்கல்லில் 1934.
அதன் கீழே உளியால் கொத்திய
இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்.

சண்டிலிப்பாயில் கணப்பு!
சித்திரை மதியத்தில்
செருப்பில்லாமல் முற்றம் கடக்க முடியாத ஊரில்.

“இதென்ன அக்கா, பாண் போறணையோ?”
என்றார் யேசுரட்ணம் மேசன்.

உறுதியைப் புரட்டினேன்.
முதல் உடைமைக்காரர் நல்லைநாதர்,
நானுஓயாப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர்.
முப்பது வருசம்
துரையின் கணப்புக்கு முன்னால்
நின்றபடி கணக்கு ஒப்புவித்த மனுசன்
பென்சனோடு இறங்கி வந்து
முதல் வேலையாக
உட்கார்ந்து பார்க்க ஒன்று கட்டியிருக்கிறார்.

யேசுரட்ணம் உள்ளே தலையை நுழைத்து
மேலே தட்டினார். கல்.
பக்கத்தில் தட்டினார். கல்.
“புகை போக வழியே வைக்கேல்லை.
இது சும்மா.”
கூரையில் புகைக்கூண்டு இல்லையென்பதை
வீடு வாங்கும்போது
நானும் கவனிக்கவில்லை.

அப்படியானால் இந்தக் கரி?
வளைவின் நெற்றியில் தொடங்கி
முதிரைச் சலாகைகளுக்குள் போய்ப் படுத்துக்கிடக்கும்
இவ்வளவு கரி?

சாம்பலைக் கிளறினோம்.
ஊமல் ஓடுகள். பாரை முள்.
ஜாம் போத்தல் விளக்கின் மூடி,
நடுவில் திரிக்கு ஓட்டை.
இடப்பக்கச் சுவரில் கரிக்கட்டி எழுத்து:
செல்வராணி, அரிசி 2 கொத்து
மயிலிட்டி ஆக்கள், 1½
புஸ்பம், வேண்டாம்

திருப்பித் தர வேண்டாமா,
இனிக் கொடுக்க வேண்டாமா,
அதைச் சுவர் சொல்லவில்லை.

தொண்ணூறில் வடக்கிலிருந்து சனம் வந்து சேர்ந்தபோது
குசினியில் ஏழு குடும்பம் முறைவைத்து எரித்திருக்கும்.
எட்டாவது குடும்பம்
பார்க்கக் கட்டிய அடுப்பில்
சோறு வைத்திருக்கிறது.
புகை முழுக்க அறைக்குள்ளே.
கண் எரிந்திருக்கும், பிள்ளைகள் இருமியிருக்கும்,
சோறு வெந்திருக்கும்.

கொழும்பிலிருந்து கட்டடக் கலைஞர் செய்தி அனுப்பினார்:
கரியை அமிலத்தால் கழுவுங்கள், எழுத்தையும்.
ஒரிஜினலுக்குக் கொண்டு வருவோம்.

ஒரிஜினல் என்றால்
ஒருநாளும் எரியாத அடுப்பு.
நான் பதில் அனுப்பவில்லை.

அடுத்த நாள்தான் அதைக் கண்டேன்.
பின்சுவரில், கரியோடு கரியாய்,
தேங்காய் நுழையும் அளவில் ஒரு குழி.
அலவாங்கு பட்ட தடமில்லை.
மீன் வெட்டும் கத்தியோ, அகப்பைக் காம்போ,
நாள்கணக்காய்ச் சுரண்டிய கோடுகள்.
கையை விட்டேன். முழங்கைவரை போனது.
இரண்டடிச் சுவர். அரையடி மிச்சம்.
அங்கே நின்றுவிட்டது.

“தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி” என்றார் யேசுரட்ணம்,
நான் கேட்காமலே.
“ஒரே இரவில எல்லாரும் வெளிக்கிட்டது.”
பிறகு போய் வெற்றிலை போட்டார்.

மெசின் வேண்டாம், கல் வெடிக்கும் என்று
வெளிப்பக்கம் நூல் பிடித்து, சிற்றுளியால் தொடங்கினார்.
நான் உள்ளே சாம்பலில் இருந்து
குழிக்குள் கையை விட்டுக்கொண்டேன்.
ஒவ்வொரு அடியும்
விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது,
விறைப்பூசி கலையும்போது பல் தன்னை உணர்வதுபோல.
நோயாளிகள் மூன்று பேருக்கு
அன்றைக்கு நேரம் மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள்
ஒரு ரூபாய்க் குற்றி அளவு வெளிச்சம்.
அதற்குள் பக்கத்து வீட்டு வாழைக்குலை,
நீலத் தண்ணீர்த் தாங்கி,
யேசுரட்ணத்தின் ஒரு கண்.

வாயை அகலித்து, சுண்ணாம்பு பூசி,
காய ஒரு கிழமை விட்டு,
ஊமல் அடுக்கித் தேத்தண்ணிக்குத் தீ மூட்டினோம்.
புகை பழைய பழக்கத்தில்
அறைக்குள் வந்து எங்கள் கண்ணைத் தேடியது.
உத்தரத்தை ஒருதரம் பார்த்தது.
பிறகு எதையோ நினைத்ததுபோல்
திரும்பி, குனிந்து,
சுவருக்குள் போனது.

கேத்தல் கொதிக்கவில்லை, அதற்குள்
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்:
“ஆரது குப்பை கொளுத்திறது?
இஞ்ச உடுப்புக் காயப்போட்டிருக்கு!”