இரண்டு புள்ளி ஆறு

மூன்றாவது சனிக்கிழமையும் வந்துவிட்டார் செங் போ-வெய்.
தைபேயில் விடிந்ததிலிருந்தே மழை.
குடையை அந்த நீளப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து
(தரையில் சொட்டக் கூடாது, எங்கள் தளத்தின் சட்டம்)
அதே இரண்டு ரவுட்டர்களின் முன்னால் நிற்கிறார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம்,
நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.
இடப்பக்கம்: நான்கு கோர் பிராசஸர், இரண்டு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ்,
இரண்டு ஜிபி மெமரி.
வலப்பக்கம்: அதே நான்கு கோர், இரண்டு புள்ளி இரண்டு,
ஒரு ஜிபி.
விலை ஒன்பதாயிரம் குறைவு. அதன்கீழ் இரட்டைக் கோடு.

"இந்தப் புள்ளி நான்கு
கையில் பிடித்தால் எவ்வளவு இருக்கும்?"

எட்டு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.
நொடிக்கு நாற்பது கோடித் துடிப்பு என்றேன்.
நாற்பது கோடி என்று எழுதிக்கொண்டார்,
பூஜ்ஜியங்களை உதட்டால் எண்ணியபடி.

பெட்டியில் அச்சடிக்காத சங்கதி ஒன்று உண்டு.
இரண்டுக்குள்ளும் ஒரே சில்லுதான்.
ஷின்ச்சுவில் ஒரே வட்டத் தட்டிலிருந்து வெட்டியெடுத்து
சூட்டில் நிறுத்திப் பார்ப்பார்கள்.
வியர்க்காமல் நின்றது இந்தப் பெட்டிக்குப் போகும்.
கொஞ்சம் திணறியது அந்தப் பெட்டிக்கு.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்;
ஒன்று மெரிட், ஒன்று ஜஸ்ட் பாஸ்.

மழையில் கூட்டமில்லை. பேச்சுக் கொடுத்தேன்.
வீடு எவ்வளவு பெரிது?
"பதினொரு பிங். துணி காயும் பால்கனியோடு சேர்த்து."
எத்தனை பேர்?
"இப்போது ஒருவன்."
கேமா, சினிமாவா?
"பேசுவதற்கு."

பேசுவதற்கு!
எட்டு ஆன்டெனா, மீன் முள்ளைப் போல வெப்பத்தகடு,
நூறு கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பந்தி பரிமாறும்
நான்கு மூளை.
பேசுவதற்கு.

மனைவி யா-சிங் பராகுவேயில்,
ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில்.
இவருக்கு இரவுச் சோறு, அவளுக்குக் காலைக் காப்பி.
திரையில் அவள் வாய் மூடிய பிறகு சொல் வருகிறதாம்.
"நான் சொன்ன வேடிக்கைக்கு அவள் சிரிக்கும்போது
நான் அடுத்த கவலைக்குப் போயிருப்பேன்.
போன மாதம் ஒரு சண்டை.
இருவரும் ஒரே சமயத்தில் மன்னிப்புக் கேட்டோம்.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
இரண்டும் கேட்கவில்லை."

நான் கமிஷனில் வாடகை கட்டுகிறவள்.
ஆனாலும் சொல்லிவிட்டேன்:
அந்தத் தாமதம் கடலுக்கடியில் கிடக்கிறது ஐயா.
கண்ணாடி இழைக்குள் ஒளியே ஓடினாலும்
பாதி உலகம் பாதி உலகம்தான்.
உங்கள் அறைக்குள் இந்தப் பெட்டி மிச்சம் பிடிப்பது
ஓர் இமைப்பில் நூறில் ஒரு பங்கு.
வீட்டில் இருக்கும் பழையதே போதும்.

காகிதத்தை மடித்தார். பிரித்தார்.
"பொத்தானை நாலு தடவை அமுக்கினால்
லிஃப்ட் சீக்கிரம் வராது.
கம்பிகளைத் தொட்டுப் பார்த்தவன், எனக்குத் தெரியும்.
அமுக்குகிறவர்களிடம் நான் அதைச் சொன்னதில்லை."

பிறகு இடப்பக்கப் பெட்டியைத் தொட்டு,
"இதையே போடுங்கள்.
தாமதம் என் பக்கத்தில் இல்லை என்றாவது
தெரியட்டும்."

பில் அடித்தேன். மூன்று வருட வாரண்டிக்கு முத்திரை.
பெட்டி நனையாமல் இரண்டு உறை போட்டேன்.
கணக்குக் காகிதம் இனி எதற்கு என்று
கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.

கசக்கப்போனவள் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் பென்சிலில், இன்றைய தேதியிட்டு:
ஒன்று, பல் டாக்டரிடம் போனது.
இரண்டு, உன் ஸ்கூட்டரை விலைக்குக் கேட்கிறார்கள்.
மூன்று,
எண் மட்டும்.

கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன்.
லிஃப்ட் கதவு மூடி
எண் இறங்கிக்கொண்டிருந்தது: நான்கு, மூன்று.
பொத்தானை அமுக்கினேன்.
இன்னொரு தடவை அமுக்கினேன்.